கம்புக்கு அந்தப் பக்கம்

பரசுவைக்கல், பாறசாலை
28-8-1954

என் பிரியமுள்ள சுகிர்தம் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் அம்மா எழுந்து நடமாடுகிறாள். நீயும் அத்தானும் குழந்தை ஜெயதாஸும் திருச்சூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத இத்தனை நாள் பிந்தியது அம்மா தடுத்ததால்தான். “அவ பிள்ளையையும் வச்சிட்டு ஒத்தையில கெடந்து கரைவா, எழுதாத” என்றாள். இனி மறைக்க முடியாது. என் இடது கணுக்கால் ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பயப்படாதே. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்கிறார்.

தமிழ்த் தாலுகாக்களை மதராசோடு சேர்க்கக் கேட்கும் போராட்டம் மும்முரமானதால் டிரெயினிங் ஸ்கூலை மத்தியானமே விட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. நானும் கூடப் படிக்கும் விலாசினியும் சந்தை வழியாக நடந்து வந்தோம். எதிரே ஊர்வலம், அதற்கு எதிரே போலீஸ். அடி தொடங்கியதும் எல்லாரும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். நான் விழுந்தேன். என் மேலேயே ஆட்கள் ஓடினார்கள். அவ்வளவுதான். தெற்கே போலீஸ் துப்பாக்கியால் வெடி வைத்த ஊர்களில் செத்துப்போனவர்களை நினைத்தால் ஒரு கணுக்கால் ஒன்றுமே இல்லை.

மார்கழியில் திருவனந்தபுரம் போட்டிக்கு ஹைஜம்பில் என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். இடது கால்தான் நான் எம்புகிற கால். அதை இப்போது எழுதி என்ன செய்ய.

அத்தானுக்கு அங்கே வேலை எப்படி? சுகமாக இருக்கிறாரா?

படுத்தபடி எழுதுவதால் எழுத்து சரிந்து போகிறது, பொறுத்துக்கொள்.
உன் தங்கை,
புஷ்பபாய்

*

திருச்சூர், போலீஸ் குவார்ட்டர்ஸ்
4-9-1954

என் கண்ணான புஷ்பத்துக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் தேவசமாதானம் உண்டாகட்டும். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தைக்கு சளி. மற்றபடி நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

அத்தானை ஆகஸ்ட் முதல் வாரமே தெற்கே டியூட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த ஊர் என்று போகும்போதும் சொல்லவில்லை, வந்த பிறகும் சொல்லவில்லை. திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றாமலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உன் கால் ஒடிந்த செய்தியை நான் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். உன்மேல் அவருக்கு எத்தனை பாசம் என்று உனக்கே தெரியும். எங்கள் கல்யாணப் பந்தலில் நீ வாழைத்தாரைத் தாண்டிக் குதித்ததை இங்கே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பவராயிற்றே.

இங்கே எங்களைத் தமிழரென்று ‘பாண்டிகள்’ என்கிறார்கள். அங்கே போனால் அவரை ‘மலையாளத்தான் போலீஸ்’ என்கிறார்களாம். குழாயடியில் பக்கத்து வீட்டு குமாரி, “நின்றெ நாடு ஏதா?” என்று மலையாளத்தில் என் ஊர் எதுவெனக் கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலை அசைக்காமல் வை. பால் குடி.
எப்போதும் உன்னை நினைக்கும் அக்கா,
சுகிர்தபாய்

*

பரசுவைக்கல்
25-9-1954

பிரியமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். குழந்தையின் சளி குறைந்ததா?

உன்னிடம் ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். நான் தினமும் குதிக்கிறேன். சிரிக்காதே. கட்டிலில் மல்லாந்து கிடந்து, கண்ணை மூடிக்கொண்டு, மிஷன் ஸ்கூல் மைதானத்துக்குப் போகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. கூரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்ததில் தானாக வந்தது.

முதலில் போட்டோவில் பார்ப்பதுபோல என்னையே தூரத்திலிருந்து பார்த்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஓடுகிறாள், தாண்டுகிறாள். அதில் ஒரு பிரயோசனமும் இல்லை, அது வேறு யாரோ. பிறகு என் கண்ணாலேயே பார்க்கப் பழகினேன். கம்பு எனக்கு எதிரே வர வேண்டும். காலடியில் மண் சூடாக இருக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. நிஜமாக ஓட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இங்கேயும் ஆக வேண்டும். அப்படி ஓடி எம்புகிற இடம் வந்ததும், மாவுக்கட்டுக்குள்ளே என் கால் தசை வெடுக்கென்று துடிக்கிறது அக்கா! வேர்த்து விடுகிறது. அம்மா வந்து காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “பனியா மக்கா?” என்கிறாள். “இல்ல, ஜெபம் பண்ணுதேன்” என்றேன். பொய்தான். நீ சொல்லிவிடாதே.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. கம்புக்கு அந்தப் பக்கம், மணல் குழிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் வந்து நிற்கிறது. நான் எம்பும் நேரம் பார்த்து அந்த ஆள் என்னைப் பார்க்கும். உடனே கம்பு விழுந்துவிடுகிறது. மனதுக்குள் நானே வைத்த கம்பு, நானே குதிக்கிற குதி, ஆனாலும் என்னால் அதை விழாமல் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் திறந்தால் களைப்பாக இருக்கிறது, ஏதோ சாயங்காலம் வரை வயலில் நின்றதுபோல.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். குழந்தைக்கு முத்தம்.
புஷ்பம்

*

திருச்சூர்
19-10-1954

அன்பான தங்கச்சிக்கு,

கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. குழந்தைக்கு சளி போய் வயிற்றோட்டம் வந்தது. அதனால்தான் உடனே எழுதவில்லை. உறக்கம் இல்லாமல் நான் நடைபிணம்போல் இருக்கிறேன்.

உன் விசித்திரத்தைப் படித்துச் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். கம்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பற்றிய இடம் வந்ததும் “போதும்” என்றார். ஆனால் தினமும் டியூட்டி விட்டு வந்ததும் “கட்டு அவுத்தாச்சா? எழுதினாளா?” என்று கேட்கிறார். வேறு பேச்சில்லை. மீன் வாங்கி வருவதும் இல்லை. மாதா கோயில் திருவிழா டியூட்டிக்குப் போனவர், தடியை எங்கோ வைத்துவிட்டு வந்து மெமோ வாங்கினார்.

அந்த ஆள் யார் புஷ்பம்? முகம் தெரிகிறதா? தெரிந்த ஆளானால், அவர் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திப் பாரேன். அம்மாவை நிறுத்து. இல்லையென்றால் என்னை நிறுத்து.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்.
அக்கா

*

பரசுவைக்கல்
12-12-1954

பிரியமுள்ள அக்காவுக்கு,

வரப்போகும் கிறிஸ்மஸ் உங்கள் வீட்டில் சந்தோஷமாக இருக்கட்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. எனக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது, அத்தானிடம் சொல்.

கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த காலைப் பார்த்தால் என்னுடையது போலவே இல்லை. தோலுரித்துப் போட்ட மரச்சீனிக் கிழங்குபோல வெளுத்து, மெலிந்து கிடந்தது. முதல் நாள் தரையில் ஊன்றியபோது அம்மாவின் தோளைக் கடித்துவிட்டேன். இப்போது கம்பு ஊன்றாமல் கிணற்றடி வரை போகிறேன்.

மார்கழிப் போட்டியை ஊர் நிலவரத்தால் தள்ளி வைத்துவிட்டார்கள். பங்குனியில் நடக்குமாம். என் பெயர் இன்னும் இருக்கிறது. விலாசினி மைதானத்துக்கு வந்து கம்பு வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் குதிக்கக் கூடாது என்கிறார், ஆகையால் இப்போதைக்கு நடப்பது காலால், குதிப்பது கண்ணை மூடிக்கொண்டு.

நீ சொன்னபடி அம்மாவை நிறுத்திப் பார்த்தேன். அம்மா உடனே குழிக்குள் இறங்கி, “தாழ வா மக்கா, விழுந்து கெடக்கப்போற” என்று கையை நீட்டினாள். உன்னை நிறுத்தினேன். நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாய். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆள் உனக்குப் பின்னால் வந்து நின்றார்.

இங்கே யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு, நாம் எந்தப் பக்கம் போவோம் என்று. சர்ச்சிலும் அதுதான், கடையிலும் அதுதான். கேட்டுக் கேட்டு அம்மா, “எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கெணத்துலதான் நான் வெள்ளம் கோரணும்” என்கிறாள்.

களைத்துவிட்டேன்.
உன் புஷ்பம்

*

திருச்சூர்
30-1-1955

புஷ்பத்துக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே எண்ணிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்த ஆள் யார் என்று கேட்டேன். நீ கிணற்றைப் பற்றி எழுதினாய்.

நேற்று குமாரி வந்தாள். அவள் புருஷனும் தெற்கே போன கூட்டத்தில் இருந்தவர். பேச்சுவாக்கில் சொன்னாள்: இவர்களை நிறுத்தியது பாறசாலைக்குப் பக்கத்துச் சந்தையில்தானாம். நீ விழுந்த அன்றைக்கு. எனக்குக் கையிலிருந்த அரிசி கீழே போயிற்று.

புஷ்பம், நீ அவரைப் பார்த்தாயா? அவர் உன்னை அடித்தாரா? ஒன்றும் மறைக்காதே. இத்தனை மாதம் நான் ஒரே பாயில் படுக்கிற மனுஷன் அவர்.

சுகிர்தபாய்

*

பரசுவைக்கல்
3-4-1955

பிரியமுள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இனியும் தெரிய வேண்டாம்.

முதலில் போட்டியைச் சொல்கிறேன், அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும். போன வாரம் திருவனந்தபுரத்தில் நடந்தது. கால் நன்றாகத்தான் இருந்தது. விலாசினி கம்பு வைக்க, இங்கே மாசி முழுதும் பழகியிருந்தேன். குறைந்த உயரம்தான், ஆனாலும் தாண்டினேன். அங்கே முதல் உயரமே நான் ஒடிவதற்கு முன்னால் விளையாட்டாகத் தாண்டுகிற உயரம். ஓடினேன். கம்புக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. பிடித்து நிறுத்தினாற்போல. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓடி, மார்பால் கம்பை இடித்துத் தள்ளினேன். பெயரை அடித்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது விலாசினி, “காலு கொழப்பமில்லைல்லா, பின்ன என்னத்துக்கு நின்ன?” என்று கேட்டாள். கால் குழப்பமில்லை அக்கா. கட்டிலில் கிடந்த மாதங்கள் முழுக்க நான் மனதில் பழகியது குதிப்பதை அல்ல. அந்த ஆளைப் பார்த்ததும் விழுவதைத்தான் பழகியிருக்கிறேன். நித்தமும் பழகினேன். நன்றாகப் படிந்துவிட்டது.

அவர் அத்தான்தான்.

அடிக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். அவர் கையிலிருந்த தடி ஓங்கவே இல்லை. நான் விழுந்து கிடந்தேன். போலீஸ் வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது. வரிசையின் ஓரத்தில் அத்தானைப் பார்த்தேன். “அத்தான்” என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார். முகம் வெள்ளையாகப் போயிற்று. பிறகு எல்லாரோடும் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விட்டார். விலாசினியும் சாயாக்கடைக்காரரும்தான் என்னைத் தூக்கினார்கள்.

வரிசையை விட்டு விலகினால் அவருக்கு வேலை போயிருக்கும் என்று தெரியும். ‘பாண்டி’ என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவர்கள். உள்ளே போட்டிருப்பார்கள். உனக்கும் குழந்தைக்கும் யார் உண்டு? இதையெல்லாம் நான் எனக்கே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலை ஒத்துக்கொள்கிறது. கால் நின்றுவிடுகிறது.

இனி ஒன்று செய்யப்போகிறேன். அவரை அங்கிருந்து துரத்துவதை விட்டுவிடப் போகிறேன். துரத்தித் துரத்தித்தான் இத்தனை களைப்பும். நிற்கட்டும். நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே ஓட முடியுமா என்று பார்க்கிறேன்.

அவரிடம் சண்டை போடாதே. இது என் வேண்டுதல்.
புஷ்பபாய்

*

திருச்சூர்
21-8-1955

என் தங்கமே,

தேவன் உன் காலைக் கல்லில் இடறாதபடி காக்கட்டும். எனக்கு இரண்டாவது பிள்ளை ஆறாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வரக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் உன் கடிதம் கிடைத்த அன்றே புறப்பட்டிருப்பேன்.

சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு வைத்தேன், துணி துவைத்தேன், பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்படியே சித்திரை, வைகாசி எல்லாம் போயிற்று. ஒரே வீட்டில் ஊமைகளாக இருப்பது எவ்வளவு அலுப்பு என்று இருந்தவர்களுக்குத்தான் தெரியும். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் என்னால் முடியவில்லை. உன் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் உட்கார்ந்து முழுதும் வாசித்தேன். தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு தடவ கூப்பிட்டேண்ணா எழுதியிருக்கா?”

“ஆமா.”

“ரெண்டு தடவ கூப்பிட்டா. ரெண்டாவது தடவ நான் தாண்டிப் போன பொறவு ஆக்கும். எனக்குக் கேட்டுது.”

அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டவில்லை புஷ்பம். அவர் எழுந்து குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினார்.

லீவு கேட்டிருக்கிறார். கிடைத்தால் அங்கே வருவார். வரட்டுமா வேண்டாமா என்று நீ சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அதையும் அவரிடம் சொல்கிறேன், உன்மேல் எனக்கு வருத்தமிராது. பிரசவத்துக்கு அம்மாவை அழைத்து வர வேண்டும் என்பது ஒரு காரணம். அது மட்டுமல்ல என்று உனக்கே தெரியும்.

உன் அக்கா

*

பரசுவைக்கல்
16-10-1955

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்கிறாள் அம்மா. “வரட்டும்” என்று ஒரே சொல் எழுதிய என் கார்டு உனக்குக் கிடைத்திருக்கும். அதற்கு மேல் எழுத அன்றைக்கு எனக்குத் திராணி இல்லை.

கமிஷன் ரிப்போர்ட் வந்துவிட்டது. தெற்கே நாலு தாலுகா மதராசோடு. நம் நெய்யாற்றின்கரை இங்கேயேதான். இத்தனை அடியும் உதையும் பட்டு, வீட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் கோடு விழப் போகிறது. ஊரில் யாரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கடைகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அத்தான் புதன்கிழமை வந்தார். சாதாரண வேட்டி சட்டை. முடி நரைத்திருக்கிறதே, நீ எழுதவில்லையே. ஒன்றும் அறியாத அம்மா, “மருமவன் மெலிஞ்சு போயாச்சு” என்று மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாள். தலை நிமிராமல் தின்றார். என்னிடம் “சுகமா?” என்றார். “சுகம்” என்றேன்.

சாயங்காலம் நான் மைதானத்துக்குப் புறப்பட்டேன். விலாசினிக்கு அதியன்னூர் ஸ்கூலில் வேலை கிடைத்துப் போய்விட்டதால் இப்போது தனியாகத்தான் பழகுகிறேன். அத்தான் பின்னால் நடந்து வருவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் கம்பை ஆணியில் வைத்துவிட்டு ஓடுகிற இடத்துக்கு வந்து பார்த்தால், குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அதே இடம்.

அவர் குனிந்து மணலை அழுத்திப் பார்த்தார்.

“மண்ணு இறுகிக் கெடக்கு. இதுல சாடினா காலு இனியும் போவும்.”

“மழ பெய்ஞ்சா அப்பிடித்தான், அத்தான்.”

எழுந்து போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். சர்ச் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை வீட்டிலிருந்து மம்மட்டி வாங்கிக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழியைக் கிளற ஆரம்பித்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. கட்டிகளைக் கையால் நொறுக்கினார், கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவவில்லை. அவர் செய்யட்டும் என்றிருந்தது. முடிந்ததும் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“நான் இங்க நிக்கட்டா? இல்ல, போட்டா?”

எத்தனை மாதம் துரத்தியும் போகாத ஆள், போகட்டுமா என்று கேட்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

“நில்லுங்க. கம்பு விழுந்தா எடுத்து வைக்க ஆள் வேணும்” என்றேன்.

முதல் தடவை ஓடினேன், கால் நின்றுவிட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தான், என்னப் பாருங்க” என்றேன். பார்த்தார். மறுபடி ஓடினேன். எம்பினேன், கம்பு விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது. எடுத்து வைத்தார். எத்தனை தடவை என்று தெரியாது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தபோது ஒரு தடவை தாண்டிவிட்டேன். பெரிய உயரம் ஒன்றுமில்லை, போட்டியில் இதற்கு ஒன்றும் கிடைக்காது. கம்பு ஆடி ஆடி நின்றது. ஆனால் நான் விழுந்த விதம் கோணல், தோள் முதலில் மணலில் அடித்தது. அப்படியே கிடந்தேன்.

அவர் மம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். குழிக்குள் முழங்காலில் விழுந்து என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குதா மக்கா?”

“வலிக்கும் அத்தான். எப்பவும் கொஞ்சம் வலிக்கும்.”

தலையை ஆட்டினார். காலை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குத் தைரியமில்லை அக்கா. இன்று மத்தியானம் கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். நான் ஓடினேன், அவ்வளவுதான்.

நாளை அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். பஸ்ஸுக்கு முன்னால் குழியை இன்னொரு தடவை கிளறித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனி அவரோடு பேசு. நிறையப் பேச வேண்டாம். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேள்.

நல்லபடியாகப் பெற்றெடுத்து எழுது. நான் இங்கே தனியாகத்தான், ஆனால் பயமில்லை.

உன் தங்கை,
புஷ்பபாய்